நரம்பைப் பிடித்து நகரும் நோய்: வாய்ப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் பலர் தாண்டிப்போகும் ஒரு வரி

வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து சில நாட்களில் நோய்க்கூறியல் ரிப்போர்ட் வரும். அதை வாங்கும் குடும்பத்தார் முதலில் தேடுவது இரண்டு விஷயம்: எந்த ஸ்டேஜ், வெட்டிய ஓரத்தில் நோய் மிச்சம் இருக்கிறதா. இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் அதே தாளில், கட்டியின் அளவு, ஆழம், கழுத்திலிருந்து எடுத்த நிணநீர்க்கணுக்களின் எண்ணிக்கை எல்லாம் வரிசையாக வரும் இடத்தில், ‘பெரிநியூரல் இன்வேஷன்’ என்று ஒரு வரி இருக்கும். நேரே ‘ப்ரெசென்ட்’ என்றோ ‘நாட் ஐடென்டிஃபைட்’ என்றோ போட்டிருப்பார்கள். புற்றணுக்கள் நரம்பைச் சுற்றியோ நரம்புக்குள்ளோ புகுந்திருக்கின்றனவா என்பதற்கான பதில் அது. டாக்டர்கள் தங்களுக்குள் பேசும்போது பி.என்.ஐ. என்பார்கள்.

ஸ்டேஜ் ஒன்று என்று கேட்டு நிம்மதியோடு எழுந்தவரை, “ரேடியேஷன் தேவைப்படலாம், டாக்டர்கள் சேர்ந்து முடிவெடுக்கிற டியூமர் போர்டில் பேசிட்டுச் சொல்றோம்” என்று மறுபடி உட்கார வைப்பது பல சமயம் இந்த வரிதான். “சின்னக் கட்டிதானே, முழுசா எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே சார், அப்புறம் எதுக்குக் கரண்ட் வைக்கணும்?” என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கூட்டம் நெரியும் ஓ.பி.யில் அதற்கு விரிவாகப் பதில் கிடைப்பது கடினம். அந்தப் பதிலைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கப்போகிறோம்.

நம் பக்கத்தில் இது அரிதான நோயில்லை. 2022-க்கான குளோபோகான் மதிப்பீட்டின்படி, உதடு, வாய்ப் புற்றுநோய் உலகில் அந்த ஆண்டு புதிதாகக் கண்டது ஏறத்தாழ 3.9 லட்சம் பேரை, அவர்களில் 1.4 லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். இந்திய ஆண்களிடையே முதலிடத்தில் இருக்கும் புற்று இது. இலங்கை ஆண்களிடையேயும் அப்படித்தான். புகையிலை, பான் மசாலா, பாக்கு என்று கன்னத்துக்குள் அடக்கும் பழக்கமே பெருங்காரணம். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிவித்துவிட்டது. பொருளை அடக்கும் இடத்திலேயே புண் வருவதால் நம்மவர்களுக்குக் கன்னத்தின் உட்புறமும் ஈறும் அதிகம் பாதிக்கப்படுகின்றன. மேலை நாடுகளில் நாக்கு.

நாக்கானாலும் கன்னமானாலும் நரம்பு நெருக்கமாக ஓடும் இடங்கள் இவை. பல்லில் மாட்டிய ஒரு முடியைக்கூட நாக்கு நுனி கண்டுபிடித்துவிடுகிறதே, அந்த நுட்பத்துக்குக் காரணம் இந்த நெருக்கம்தான். அங்கே முளைக்கும் கட்டி வளர வளர எங்காவது ஒரு நரம்பைத் தொடாமல் இருக்க முடியாது. தொடுவதற்கும் புகுவதற்கும் உள்ள வேறுபாடுதான் முக்கியம்.

ஒரு நரம்பைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் தரையடியில் புதைக்கும் தொலைபேசிக் கேபிளின் அமைப்பு தெரியும்: மெல்லிய இழைகள் சேர்ந்த கட்டுகள், ஒவ்வொரு கட்டுக்கும் தனி உறை, எல்லாவற்றையும் சேர்த்து வெளியே இன்னோர் உறை. வெளியுறை எபிநியூரியம். கட்டுகளைச் சுற்றியது பெரிநியூரியம். மூன்றில் உறுதியானது இதுதான். இழைகளுக்கு நடுவே இருக்கும் மென்மையான பகுதி எண்டோநியூரியம். புற்றணுக்கள் இந்த மூன்று அடுக்குகளில் எதற்குள் இருந்தாலும் அது நரம்பு ஊடுருவல். உள்ளே போகாவிட்டாலும், நரம்பை ஒட்டி அதன் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கையாவது வளைத்திருந்தால் அதையும் ஊடுருவல் என்றே கணக்கிட வேண்டும் என்று 2009-ல் லீபிக் குழுவினர் வரையறுத்தார்கள். இன்று பலரும் பின்பற்றுவது அந்த வரையறையை.

இந்தப் பரவலை மருத்துவ உலகம் அறிந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. கீழுதட்டுப் புற்று முகவாய் நரம்பு வழியே உள்ளே போயிருந்ததை 1862-லேயே நியூமன் எழுதியிருக்கிறார். ஆனால் ஏன் போகிறது என்ற கேள்விக்கு வெகுகாலம் தவறான விடையே கையில் இருந்தது. நரம்புறைக்குள் நிணநீர் நாளங்கள் இருக்கின்றன, அவற்றின் வழியாகப் புற்று போகிறது என்று நம்பினார்கள். மின்னணு நுண்ணோக்கி வந்த பிறகு உறைக்குள் அப்படி எந்த நாளமும் இல்லை என்று தெளிவாயிற்று. அடுத்து, உறைகளுக்கு இடையே எதிர்ப்பு குறைந்த இடைவெளி இருக்கிறது, புற்று அதில் நழுவிப் போகிறது என்றார்கள். அதுவும் பாதி உண்மைதான்.

இன்றைய புரிதல்படி நரம்பு சும்மா கிடக்கும் பாதை அல்ல. நரம்பும் அதைச் சூழ்ந்திருக்கும் ஷ்வான் செல்களும் வளர்ச்சிப் புரதங்களைச் சுரக்கின்றன. நரம்பு அடிபட்டால் தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொள்ள உதவும் புரதங்கள் அவை. அவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் சில புற்றணுக்களின் மேற்பரப்பில் இருக்கின்றன. ஆகவே நரம்பிலிருந்து வரும் சைகையை மோந்து அதன் பக்கம் அவை நகர்கின்றன. பதிலுக்குப் புற்றணுக்கள் வெளிவிடும் பொருள்கள் நரம்பிழைகளைத் துளிர்க்க வைத்துக் கட்டிக்குள் இழுக்கின்றன. ஷ்வான் செல்கள் புற்றணுவைத் தொட்டு, கூட்டத்திலிருந்து அதைப் பிரித்து, நரம்பை நோக்கிக் கூட்டிச்செல்வதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். உடலின் ரிப்பேர் ஏற்பாட்டையே நோய் தன் வசதிக்குப் பயன்படுத்திக்கொள்கிறது என்பதுதான் இதில் என்னை உலுக்கும் விஷயம்.

2020-ல் நேச்சர் இதழில் மோரன் அமித் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. பி53 என்ற காவல் மரபணுவை இழந்த வாய்ப் புற்றுக் கட்டிகள், சுற்றியிருக்கும் உணர்வு நரம்புகளின் குணத்தையே மாற்றி, அட்ரினலின் வகைச் சைகை தரும் நரம்புகளாக்குகின்றன என்று அவர்கள் காட்டினார்கள். அந்த வகை நரம்புகள் அடர்ந்திருந்த நோயாளிகளின் நிலை மோசமாக இருந்தது. எலிகளில் அந்தச் சைகையை, இரத்த அழுத்தத்துக்கும் பயன்படும் வகை மருந்தால் மறித்தபோது கட்டியின் வளர்ச்சி குறைந்தது. மனிதர்களுக்கு இது இன்னும் சிகிச்சையாகவில்லை. இரத்த அழுத்த மாத்திரை புற்றைக் குணப்படுத்தும் என்று வாட்ஸ்அப்பில் யாராவது எழுதினால் நம்ப வேண்டாம்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். ‘ப்ரெசென்ட்’ என்ற ஒரே சொல் மிகவும் வேறுபட்ட இரண்டு நிலைகளைக் குறிக்கலாம். இங்கேதான் குடும்பங்கள் தேவைக்கு மேல் பயந்துபோகவோ, தேவையான பயமில்லாமல் இருந்துவிடவோ நேர்கிறது.

முதல் நிலை, நுண்ணோக்கியில் மட்டும் தெரிவது. இளஞ்சிவப்பாகச் சாயம் ஏறிய சதைக்கு நடுவே, அலையலையாக இழை ஓடும் சிறு வட்டமாக ஒரு நரம்பு. அதைச் சுற்றிப் பிறை வடிவிலோ முழு வளையமாகவோ புற்றணுக்களின் அணிவகுப்பு. அந்த நரம்புக்குப் பெயர்கூடக் கிடையாது. விட்டம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. நோயாளிக்கு எந்த அறிகுறியும் இருந்திருக்காது, ஸ்கேனிலும் தெரிந்திருக்காது. வாய்ப் புற்றில் பெரும்பாலும் காண்பது இதைத்தான். இரண்டாவது நிலையில் நோய் பெயருள்ள பெரிய நரம்பைப் பிடித்து, கட்டியை விட்டு வெகுதூரம் போயிருக்கும். ஸ்கேனில் பார்க்க முடியும். இதை நரம்புவழிப் பரவல் என்று தனியாகச் சொல்வதே சரி. இது அரிது, ஆனால் சிகிச்சையின் திட்டத்தையே மாற்றிவிடும்.

முதல் நிலையிலும் எல்லாம் ஒன்றல்ல. ஊடுருவப்பட்ட நரம்பு கட்டிக்குள்ளேயே இருக்கிறதா, கட்டியின் விளிம்புக்கு வெளியே இருக்கிறதா? ஓரிடத்திலா, பல இடங்களிலா? நரம்பின் விட்டம் என்ன? கட்டிக்கு வெளியே, பல இடங்களில், பெரிய நரம்பில் என்றால் கவலை கூடும். 2005-ல் பிராண்ட்வைன்-கென்ஸ்லர் குழு வகுத்த மதிப்பெண் முறையில், ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த நரம்பென்றால் ஒரு புள்ளி, அதற்கு மேற்பட்ட நரம்பென்றால் மூன்று புள்ளி. ஆகவே ‘இருக்கிறது’, ‘இல்லை’ என்று மட்டும் எழுதி நிறுத்தும் ரிப்போர்ட் பாதி வேலையே செய்கிறது என்பது என் கருத்து. எந்த அளவு நரம்பு, எங்கே, எத்தனை இடம் என்று நோய்க்கூறியல் மருத்துவரிடம் கேட்டு வாங்கும் உரிமை சிகிச்சை தரும் மருத்துவருக்கு இருக்கிறது. அவரிடம் கேட்கும் உரிமை நோயாளிக்கும் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘நாட் ஐடென்டிஃபைட்’ என்றால் ‘பார்த்த சீவல்களில் காணவில்லை’ என்பதே பொருள். எடுத்த கட்டி முழுவதையும் யாரும் சீவிப் பார்ப்பதில்லை. தேர்ந்தெடுத்த துண்டுகளைத்தான் பார்க்கிறார்கள். நரம்பை மட்டும் எடுத்துக்காட்டும் எஸ்-100 என்ற சாயத்தைப் போட்டுத் தேடினால், வழக்கமான சாயத்தில் தப்பிய ஊடுருவல்கள் கணிசமாக வெளிவருகின்றன. ஒரு ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு என்றும் இன்னொன்றில் பாதிப் பேருக்கு என்றும் கணக்கு மாறுவதற்கு, தேடும் முறையில் உள்ள இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

இது நோயின் போக்கை எவ்வளவு மாற்றுகிறது? 1998-ல் ஃபேகன் குழு தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 142 பேரின் சீவல்களை ஆராய்ந்தது. நரம்பு ஊடுருவல் இருந்தவர்களில் 23 சதவீதம் பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. இல்லாதவர்களில் 9 சதவீதம். நோயால் இறந்தவர்கள் முறையே 54, 25 சதவீதம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த சிறு நரம்பானாலும் விளைவு இருந்தது என்பதுதான் அந்த ஆய்வின் முக்கியச் செய்தி. கால் நூற்றாண்டுக்கு முந்தைய எண்கள் இவை. இன்றைய சிகிச்சையில் இருக்கும் ஒருவரின் தலையெழுத்தாக இவற்றைப் படிக்கக் கூடாது. ஆனால் திசை மாறவில்லை. அதன் பின் வந்த பல ஆய்வுகளும் அதே இடத்தில் நோய் திரும்புவதையும், கழுத்துக் கணுக்களுக்குப் பரவுவதையும், ஆயுள் குறைவதையும் நரம்பு ஊடுருவலோடு சேர்த்தே பார்த்திருக்கின்றன.

கழுத்து ஏன் இதில் வருகிறது என்று தோன்றலாம். நரம்புக்குள் போகும் புற்று நேராகக் கழுத்துக் கணுக்களுக்குப் போவதில்லை. நரம்பைத் துளைக்கும் குணமுள்ள கட்டி பொதுவாகவே ஊடுருவும் குணம் அதிகமுள்ள கட்டி. ஆழமாக வேர் விட்டிருக்கும், நிணநீர் நாளங்களையும் தேடிப் போயிருக்கும். ஆகவே இந்த வரி பாதையை மட்டுமல்ல, கட்டியின் சுபாவத்தையும் காட்டிக்கொடுக்கிறது. வெளியே நெறி கட்டாத ஆரம்பக்கட்ட வாய்ப் புற்றிலும் கழுத்துக் கணுக்களை முன்கூட்டியே எடுத்துவிடுவது உயிர் காக்கிறது என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் டி குரூஸ் குழு 2015-ல் நிறுவியது: மூன்றாண்டு உயிர்வாழ்வு, முன்பே எடுத்தவர்களில் 80 சதவீதம், நெறி வரட்டும் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். கண்ணுக்குத் தெரியாத பரவல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம் நாட்டிலிருந்து வந்ததில்லை.

இத்தனைக்கும், வாய்ப் புற்றின் ஸ்டேஜைத் தீர்மானிக்கும் கணக்கில் நுண்ணோக்கியில் தெரியும் நரம்பு ஊடுருவலுக்கு இடமில்லை. 2018-ல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பு வகைப்பாடு, கட்டியின் ஆழத்தைப் புதிதாகச் சேர்த்தது. 5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் என்று எல்லைகள் வைத்தது. தலை, கழுத்துப் பகுதித் தோல் புற்றில் குறிப்பிட்ட அளவு நரம்பு ஊடுருவல் இருந்தால் கட்டி டி3 என்ற முற்றிய படிக்கு ஏறிவிடும். வாய்க்கு அந்த விதி இல்லை. ஸ்டேஜ் ஒன்று என்று எழுதிய அதே தாளில் ரேடியேஷனுக்கான காரணமும் இருக்கக்கூடும் என்பது இதனால்தான்.

இனி அந்த அரிதான, பெரிய நரம்புப் பரவல். வாயின் உணர்வு நரம்புகள் எல்லாம் கடைசியில் போய்ச் சேருவது ஐந்தாவது கபால நரம்பான ட்ரைஜெமினலில். கீழ்ப் பற்கள், கீழுதடு, முகவாய் ஆகியவற்றின் உணர்வு, கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் குழாயில் உள்ள நரம்பு வழியாகப் போகிறது. நாக்கின் முன்பகுதிக்கும் கன்னத்தின் உட்புறத்துக்கும் தனித்தனி நரம்புகள். மூன்றும் மேலே சேர்ந்து, மண்டையோட்டின் அடித்தளத்தில் நீள்வட்டத் துளை ஒன்றின் வழியே மூளைப் பக்கம் நுழைகின்றன. மேலண்ணத்தின் நரம்புகள் மூக்குக்குப் பின்னால் உள்ள சிறு குழிக்கு ஏறி, அங்கிருந்து வட்டத் துளை வழியே அதே நரம்பு முடிச்சுக்குப் போகின்றன. கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் தொடங்கிய ஒரு புற்று, தாடைக் குழாயைப் பிடித்தால் அதற்கு முன்னே திறந்திருக்கும் பாதை இதுதான். அடித்தளத்துத் துளையைத் தாண்டிவிட்டால் அறுவை சிகிச்சையால் முழுமையாக எடுப்பது பெரும்பாலும் இயலாது. மேலண்ணத்தின் சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளில் வரும் அடினாய்டு சிஸ்டிக் புற்று இந்தப் பயணத்துக்குப் பேர்போனது; மெதுவாகவே வளரும், பத்தாண்டு கழித்தும் திரும்பும்.

உடல் இதைச் சொல்லும் விதம் பெரும்பாலும் வலி அல்ல, மரத்துப்போதல். சவரம் செய்யும்போது முகவாயில் ஒரு பக்கம் கத்தி படுவதே தெரியவில்லை என்பார்கள். தம்ளரை உதட்டில் வைத்தால் பாதி உதட்டுக்கு மட்டும் அது தெரியும். கன்னத்தில் எறும்பு ஊர்வதாகத் தோன்றும். நாக்கின் ஒரு ஓரம் எரியும். மெல்லும் தசை ஒரு பக்கம் இளைத்துக் கன்னப்பொட்டு குழி விழும். நாக்கை நீட்டினால் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்றால் நாக்கை அசைக்கும் நரம்பைப் பார்க்க வேண்டும். பல் பிடுங்காமல், அடிபடாமல் முகவாய் ஒரு பக்கம் மரத்துப்போவது எப்போதுமே விசாரிக்க வேண்டிய அறிகுறி. பல் வலி மாத்திரையில் மாதங்களை ஓட்டுவது இந்த நோய்க்கு நாமே கொடுக்கும் அவகாசம். அறிகுறியே இல்லாமல் பெரிய நரம்பில் நோய் இருப்பவர்களும் உண்டு. அதனால் மரத்துப்போகவில்லை என்பதை வைத்து மட்டும் நிம்மதி அடைய முடியாது.

பெரிய நரம்பைப் பார்க்கச் சிறந்தது, கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி, காடோலினியம் மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. நரம்பு தடித்து ஒளிர்வதும், துளைக்கு வெளியே வழக்கமாக இருக்கும் சிறு கொழுப்புத் திட்டு மறைந்துபோவதும் அதில் தெரியும். எலும்புத் துளை அகன்றிருப்பதை சி.டி. காட்டும், ஆனால் அது தெரியும்போது நோய் முற்றியிருக்கும். பெட் ஸ்கேன் எடுத்தாயிற்று, அதனால் எல்லாம் பார்த்தாயிற்று என்று நினைப்பது சரியல்ல. மெல்லிய நரம்பில் இருக்கும் நோயை அது தவறவிடலாம்.

மேலே கேட்ட கேள்விக்கு இப்போது வரலாம்: முழுசா எடுத்தாச்சே, எதற்கு ரேடியேஷன்? ஓரம் சுத்தம் என்பது வெட்டிய விளிம்பில் நோய் இல்லை என்பதைச் சொல்கிறது. நரம்பு அந்த விளிம்பையும் தாண்டி ஓடுகிறது. சதையில் எல்லாப் பக்கமும் பரவும் கட்டிக்கு ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி போதுமானதாக இருக்கலாம். ஒரே கோட்டில் நரம்பைப் பற்றிப் போகும் அணுக்களுக்கு அது போதாமல் போகலாம். அங்கே மிச்சம் இருக்கக்கூடியதை அழிக்கவே கதிர்வீச்சு. வழக்கமான அளவு 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), 30 தவணை, வாரத்துக்கு ஐந்து நாள் என்று ஆறு வாரம். பெரிய நரம்பு பிடிபட்டிருந்தால் அதன் வழியை மண்டையோட்டு அடித்தளம் வரை கதிர்வீச்சுத் திட்டத்தில் சேர்ப்பார்கள்.

சிறிய கட்டி, கழுத்து சுத்தம், ஒரே ஒரு சிறு நரம்பில் மட்டும் ஊடுருவல் என்றால்? மருத்துவர்களுக்குள்ளேயே இங்கே கருத்து வேறுபாடு உண்டு. வழிகாட்டுதல்கள் ரேடியேஷனைப் பரிசீலிக்கச் சொல்கின்றன. கட்டாயம் என்று சொல்வதில்லை. ஆழம், ஓரத்தின் இடைவெளி, நரம்பின் அளவு, நோயாளியின் வயது எல்லாவற்றையும் வைத்துத்தான் முடிவு. கீமோவைச் சேர்ப்பது பற்றிய நிலை இன்னும் தெளிவு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்து 2004-ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் ஐரோப்பிய ஆய்வு நரம்பு ஊடுருவலையும் அபாயக் காரணமாக எடுத்துக்கொண்டது. அமெரிக்க ஆய்வு எடுக்கவில்லை. இரண்டின் தரவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, கீமோ சேர்ப்பதால் உறுதியான பலன் தெரிந்தது ஓரத்தில் நோய் இருந்தவர்களுக்கும், கணுவின் உறையைக் கிழித்து நோய் வெளியேறியிருந்தவர்களுக்கும்தான். ஆகவே நரம்பு ஊடுருவல் ஒன்றுக்காக மட்டும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைக் கொடுப்பது வழக்கமில்லை.

ரேடியேஷன் என்று முடிவானால் நாள் முக்கியம். ஆபரேஷனிலிருந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். காயம் ஆறுவது, சொத்தைப் பற்களை முன்னதாகவே எடுத்துவிடுவது, திட்டமிடும் ஸ்கேன் எல்லாம் இந்த ஆறு வாரத்துக்குள் முடிய வேண்டிய வேலைகள். நடைமுறையில் தாமதத்துக்குக் காரணம் மருத்துவம் அல்ல: மெஷினுக்கு வரிசை, தங்க இடமில்லாமை, ஆறு வாரக் கூலி இழப்பு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சும் அடங்கும். அதற்கான தாள்களை ரிப்போர்ட் வரும்வரை காத்திராமல் ஆபரேஷன் சமயத்திலேயே தயார் செய்துவிட்டால் ஒன்றிரண்டு வாரம் மிச்சமாகும்.

நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்பும். முதல் வருடம் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வது அதற்காகத்தான். அந்த வருகைகளில் நோயாளி சொல்ல வேண்டிய ஒரு விவரம் உண்டு. ஆபரேஷனில் நரம்பை வெட்டியிருந்தால் உதடோ நாக்கோ மரத்துத்தான் இருக்கும். அது ஆபரேஷன் நாளிலிருந்து இருப்பது, இடம் மாறாதது. சில மாதம் கழித்துப் புதிதாகத் தொடங்கும் மரப்பு, அல்லது உதட்டிலிருந்து கன்னத்துக்கும் கண்ணுக்குக் கீழும் மெல்ல ஏறும் மரப்பு வேறு. வாய்க்குள் புண் எதுவும் தெரியாவிட்டாலும் அதற்கு எம்.ஆர்.ஐ. தேவைப்படும். எந்த இடம், எப்போதிலிருந்து, பரவுகிறதா என்று மூன்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பஞ்சு நுனியால் இரு பக்கமும் தொட்டுப் பார்த்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ள அவருக்கு இரண்டு நிமிடம் போதும்.